சண்டை நின்ற வீடு

பிப்ரவரி 9, ஞாயிறு

மதியச் சாப்பாடு ஒரு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடிந்தது. லொயிக்குக்கும் அவர் மனைவி மரிவோனுக்கும் ஓய்வூதிய வயதைப் பற்றிச் சண்டை. அவர் மேஜையைத் தட்ட, மரிவோன் முட்கரண்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது, லொயிக்."

"உங்கப்பாவைவிட நாலு விஷயம் கூடவே தெரியும்."

சீஸ் தட்டு வந்ததும் ஒருவருக்கொருவர் வெட்டிக் கொடுத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில் பரிமாற்ற மாணவியாக இவர்கள் வீட்டுக்கு வந்த புதிதில் இப்படிப்பட்ட சண்டையைக் கேட்டுவிட்டு மாடியறையில் அழுதிருக்கிறேன். இவர்கள் நாளைக்கே பிரிந்துவிடுவார்கள் என்று பின்லாந்தில் இருக்கும் அம்மாவுக்கு எழுதினேன். இவர்கள் மகள் ஏனோராதான் சிரித்தாள். "அடி லூசு, இது சண்டையா? பேசிக்கிட்டிருக்காங்கடி."

பிப்ரவரி 13

லொயிக் கேட்டேவிட்டார். "நீ ஏம்மா எதுக்குமே வாயைத் திறக்க மாட்டேங்கிற? எங்க பேச்சு உனக்கு அவ்வளவு மட்டமாப் படுதா?"

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பேசாமலிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே அது அவமதிப்பு. இதை அவருக்கு எப்படிச் சொல்வது? அரை வருஷம் ஆகப்போகிறது, இன்னும் தெரியவில்லை.

மார்ச் 4

"கொஞ்சம் அந்த ரொட்டியைத் தர முடியுமா?"

"இந்தா."

"நன்றி."

இரவுச் சாப்பாட்டில் அவர்கள் இருவரும் பேசியது இவ்வளவுதான். சாப்பிட்டு எழ இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. ஏனோரா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

மார்ச் 5

இன்றும் நன்றி, நன்றி, நன்றி.

மார்ச் 9, ஞாயிறு

நாலு பேர் மெல்லும் சத்தம் மட்டும். தாங்க முடியவில்லை. ஏதாவது செய்யணுமே, என்ன செய்ய — இந்தப் பிரெஞ்சுத் துறைமுக ஊர் லோரியானில் வெண்ணெய் என்றால் உப்பு வெண்ணெய்தான். அதைக் குறை சொல்வதைவிடப் பெரிய தெய்வக் குற்றம் இங்கே கிடையாது. தெரிந்தேதான் சொன்னேன்.

"உப்பு போடாத வெண்ணெய்தான் ருசி. பாரிஸ்காரங்க சொல்றதுதான் சரி."

ஏனோராவின் கை அந்தரத்தில் நின்றது. லொயிக் என்னைப் பார்த்தார். கத்துவார், மரிவோன் குறுக்கே புகுந்து அவரைப் பார்த்துக் கத்துவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று காத்திருந்தேன்.

"அவங்கவங்க ருசி, கண்ணு," என்றார் மெதுவாக.

மரிவோன் கைக்குட்டையைத் தேடிக்கொண்டு எழுந்து போனார். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனோராவுக்கும்தான்.

மார்ச் 16

லொயிக் துறைமுகப் பக்கம் ஒரு வீடு பார்த்துப் போய்விட்டார். வாசலில் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "கோபமெல்லாம் இல்லம்மா. சண்டை போடுறதுக்குக்கூட ஒண்ணும் மிச்சமில்லை, அவ்வளவுதான்."

மார்ச் 24

மாணவர் பரிமாற்றச் சங்கத்திலிருந்து மதாம் கெர்வெல்லா போனில் கூப்பிட்டார்.

"உனக்கு வேற நல்ல குடும்பமாப் பாத்திருக்கோம். சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏனோரா ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிறாள். அவளை விட்டுவிட்டு எங்கே போவேன்? எனக்கும் இது வீடுதானே.

"நல்ல குடும்பம்னா என்னங்க? இங்க வந்து பாத்தீங்களா நீங்க? இல்ல, இருங்க, நான் முடிச்சுக்கிறேன். நீங்க சொல்றது தப்பு."

அவர் குறுக்கே பேசினார், நான் அதற்கும் குறுக்கே பேசினேன். இருபது நிமிஷம். கன்னம் கொதித்தது. கடைசியில், "சரிம்மா, உன் இஷ்டம்," என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் சமையலறை வாசலில் மரிவோன், கையில் துடைக்கிற துணியோடு. கண் கலங்கியிருந்தது.

"அவங்களைப் பேசவே விடலையே நீ."

"ஆமா."

"ஒண்ணு மட்டும் தப்பாச் சொல்லிட்ட. நான் நல்லாச் சமைக்கிறேன்னு சொன்னியே, அது பொய்."

"பொய் இல்லை."

"பொய்தான்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஏனோரா. "அம்மாவுக்கு முட்டைகூட ஒழுங்கா வேகவைக்க வராது."

இருவருமே தப்பு என்றேன். சூப் ஆறிப்போகும்வரை மூன்று பேரும் சண்டையை விடவில்லை.