பரிமாற்று என்று ஒரு சொல்

மார்ச் 4, செவ்வாய்

கிளினிக்குக்குக் கிளம்பும்போது வாசலிலேயே தபால்காரர் பிடித்துக்கொண்டார். தொலைநிலைக் கல்வி மையத்திலிருந்து இரண்டு உறைகள். ஒன்று எனக்கு, ஒன்று என்கூடவே படிக்கும், மாடியில் இருக்கும் நாத்தனார் சிட்டுவுக்கு. இரண்டையும் கைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

நாள் முழுக்கக் கண் பரிசோதனை. "இந்தக் கண்ணாடியில தெளிவா, அதுல தெளிவா?" என்று நாற்பது பேரிடமாவது கேட்டிருப்பேன். முதுகலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு என்று பெயர்தான். இன்று ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

மார்ச் 7

சாப்பாட்டு இடைவேளையில்தான் உறை ஞாபகம் வந்தது. என்னுடையதைப் பிரித்தேன். பிழைதிருத்தம், ஒரே வரி: ஒப்படைப்பின் மூன்றாம் வினாவில் 'குலம்' என்பதைப் 'பரிமாற்றுக் குலம்' என்று படிக்கவும்.

அடப்பாவிகளா! அந்தக் குலத்தில், அதாவது குரூப்பில், எத்தனை உறுப்புகளோ, அந்த எண்ணை வகுக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் உட்குலம் உண்டு என்று நிறுவச் சொல்லியிருந்தார்கள். போன வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். 'பரிமாற்று' இல்லாவிட்டால், அதாவது வரிசை மாற்றினாலும் விடை மாறாது என்ற நிபந்தனை இல்லாவிட்டால், அது பொய்யாம். பொய்யை எப்படி நிறுவுவது? அந்தச் சொல்லைச் சேர்த்ததும் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். நானா!

சிட்டுவின் உறை பையிலேயே இருக்கிறது. நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சிட்டு நோட்டோடு இறங்கி வந்தாள். "அண்ணி, மூணாவது கணக்கு உங்களுக்கு வந்துச்சா? எனக்கு எங்கயோ ஒரு படி இடிக்குது."

"வந்துச்சே" என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம். போன பருவத்தில் அவளுக்கு எண்பத்தொன்று, எனக்கு நாற்பத்துமூன்று. "என் தங்கச்சிகிட்ட ட்யூஷன் எடுத்துக்கோயேன்" என்று அப்போது இவர் சிரித்தார். "அவளுக்குக் கணக்கு தண்ணி பட்ட பாடு" என்றார் மாமியார். நானும் கூடவே சிரித்தேன், வயிறு எரிந்தது.

பை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அந்த ஆச்சரியத்தை இரண்டு நாள் வைத்துக்கொள்கிறேனே. அவ்வளவுதான் நினைத்தேன், வேறொன்றும் இல்லை.

மார்ச் 13

கொடுக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

"ஒரு வாரமா குலம் குலம்னு புலம்பறா. யார் குலத்தைடி ரெண்டு பேரும் ஆராய்ச்சி பண்றீங்க?" என்று மாமியார் கேட்டதும் வீடே சிரித்தது. சிட்டு சிரிக்கவில்லை.

தான் துணி வெட்டும் வேலை பார்க்கிற தையல் கம்பெனியிலிருந்து நான்கு நிறத்தில் நூல்கண்டு கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். "பாருங்க அண்ணி, நாலையும் மாத்தி வச்சா இருபத்துநாலு விதம். அதுல ரெட்டைப்படைத் தடவை ஜோடி ஜோடியா இடம் மாத்தி வர்றது மட்டும் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டுக்குள்ள ஆறு இருக்கற உட்குலம் அமையவே மாட்டேங்குது. ஒருவேளை கணக்கே தப்பா இருக்குமோ?"

சரி. நூற்றுக்கு நூறு சரி. யாரும் சொல்லாமல், நான்கு நூல்கண்டை வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன்? "புஸ்தகத்துல போய் தப்பா போடுவாங்களா? நீதான் எண்ணும்போது எங்கயோ கோட்டை விட்டிருப்ப."

"ஆமா, நான்தான் விட்டிருப்பேன்" என்று கண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

சண்டாளி. நானாடி இதைச் சொன்னேன்? மறந்துபோவது வேறு. இது பச்சைப் பொய்.

மார்ச் 20

காலையில் வேலைக்குப் போகும்போது அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிறவள் நான். பார்க்காத மாதிரி பால் காய்ச்சினேன்.

மார்ச் 24

சிட்டு தன் பாடப் புத்தகங்களைத் துணி நாடாவால் கட்டி எடுத்துவந்து என் மேஜையில் வைத்தாள்.

"நீங்களாவது முடிங்க அண்ணி. நான் விட்டுடறேன். எனக்கு இவ்வளவுதான் மூளை. முந்தாநாள் இதையே யோசிச்சிட்டு முப்பது சட்டைக்கான துணிய தப்பா வெட்டிட்டேன். எல்லார் முன்னாடியும் சூப்பர்வைசர் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு."

ஐயோ, என்ன பண்ணிட்டேன்.

உறையை எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். திருப்பி அஞ்சல் முத்திரையைப் பார்த்தாள்.

"வந்து இருபது நாள் ஆகுதே. மறந்துட்டீங்களா?"

பாவி மகள், தப்பிக்க வழியையும் அவளே காட்டினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயும் திறந்தேன்.

"மொதல் மூணு நாள்தான் மறந்தேன். அப்புறம் மறக்கல."

"ஏன் அண்ணி?"

"எனக்கு வந்தது உனக்கு வரலங்கறது… நல்லா இருந்துச்சு."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"தப்பா இருக்குமோன்னு உங்ககிட்டதானே கேட்டேன்" என்றாள்.

புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு போனாளே, அதுவரைக்கும் சரி.

மார்ச் 29

ஒப்படைப்பை அனுப்பிவிட்டாள். அச்சில் இருந்தபடி கூற்று பொய் என்று இரண்டு பக்கம், திருத்தியபடி மெய் என்று ஒரு பக்கம். இவர் பார்த்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார்.

அவள் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைச் சுமக்க முடியாமல் நானே இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீயா?" என்றார். அதற்கு நன்றாகத் திட்டியே இருக்கலாம்.

ஏப்ரல் 18

மன்னிப்புக் கேட்டேன், மூன்றாவது முறையாக. "விடுங்க அண்ணி, அதான் சொல்லிட்டீங்கள்ல" என்றாள். நல்லபடியாகத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டோடு இறங்கி வருவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இயற்கணிதத் தேர்வு. இருவருக்கும் ஒரே அறை, முன்னும் பின்னுமாக. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். போன வருடமெல்லாம் என் வினாத்தாளைப் பிடுங்கி, வீடு வரும்வரை ஒவ்வொரு கணக்காகச் சொல்லித் தீர்ப்பாள். "கொஞ்சம் மூச்சு விடுடி" என்று நான்தான் கெஞ்சுவேன்.

பாதி வழிவரை பார்த்துவிட்டு நானே கேட்டேன். "நாலாவது கணக்கு எப்படிப் போட்ட?"

"போட்டேன் அண்ணி" என்றாள். குரலில் கோபமே இல்லை. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறது என்று எனக்காகத் திரையை இழுத்துவிட்டாள்.

எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை. அது அவளுக்குத் தெரியும்.