குவைத்தில் கூவிய கோழி

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் மனைவி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த வாரம் ஒருநாள், பழைய ரூட்டர் ஒன்றை லுங்கி மடிப்புக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இன்டர்நெட் கம்பெனிக்காரர். புதுப் பெட்டியை மாட்டிவிட்டுப் பழைய பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக வந்தவர். "அது எங்கியோ தொலஞ்சிபோச்சிங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; மடியைப் பார்த்தார். லுங்கிக்கு வெளியே கறுப்பு வயர் வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "குடுத்துடுங்க. ஆளே போயிட்டாரு, அத வெச்சிக்கினு என்னா பண்ணப் போறீங்க?"

கொடுத்துவிட்டேன். அதைச் சுற்றி ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. கம்பெனிக்காரர் அதை நிதானமாக அவிழ்த்து, இது எங்கள் சொத்து இல்லை என்பதுபோல் என் கையில் வைத்துவிட்டுப் போனார். பாவா, அது நீ போனில் சொல்லிச் சொல்லி நான் போட்ட முடிச்சு. கயிறு கைக்கு வந்ததும், யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. பேசுவதற்கு நீதான் இருக்கிறாய். அதாவது, இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உனக்கும் எனக்கும் நெட்டுக்கும் பழைய பகை. சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருப்பதியில் ஒரே அறையில் கிடந்த காலத்தில், தெருவுக்கொரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்தது. நீ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் அதே கடையில் ஓசியில் உட்காரச் சேர்ந்தேன். பக்கத்து நாற்காலிகளில் பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மனுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நாம் மூலைக் கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்கார்ந்து, விளையாட்டில் முகம் தெரியாத யாரையோ சுட்டுக்கொண்டிருப்போம். மாடியில் முதலாளியம்மா போனை எடுத்தால் கீழே நெட் அறுந்துவிடும். "நாயுடுபேட்ட அக்கா லைன்ல வந்துட்டாங்க, இனி சாயந்தரம்தான்" என்று நீ சலித்துக்கொள்வாய். அந்த அக்காவுக்கும் அவர் மருமகளுக்கும் நடந்த சண்டையெல்லாம் நமக்கு அத்துப்படி. நெட் ஏன் போயிற்று என்று கேட்கிறவர்களிடம், அந்த மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதைத்தான் நாம் காரணமாகச் சொல்வோம். அது உண்மையும்கூட.

பிறகு நீ குவைத்துக்கு டிரைவராகப் போனாய். நீ விமானம் ஏறிய பிறகுதான் நம் ஊரைச் சுற்றி பேக்டரிகள் வந்தன. "இவன் போவட்டும்னு வேலையெல்லாம் ஒளிஞ்சிக்கினு இருந்துச்சி போல" என்று உன் நைனா பேருந்து நிலையத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருப்பதியிலேயே தங்கி, ஜெராக்ஸ் கடை வைத்து, ஊரில் உள்ள சான்றிதழ்களையெல்லாம் படித்து வம்பு வளர்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. அன்று மதியம் நாம் இருவரும் போனில் ஒரே அணியாக விளையாடுவோம். விமானத்திலிருந்து குதித்து, தரையில் கிடக்கிற துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு, யாராவது நம்மைச் சுடுவதற்குள் ஓடி ஒளிகிற விளையாட்டு. தொந்தி விழுந்த இரண்டு ஆண்கள் செய்யக்கூடிய ஒரே வீரச்செயல். நமக்குள் எந்த உறவுமுறையும் கிடையாது என்றாலும் தெலுங்குக்காரர்கள் மச்சானைக் கூப்பிடுவது மாதிரி 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இரண்டு பேருக்கும் தங்கை இல்லாததால் அந்தச் சொல்லில் ஆபத்தும் இல்லை.

ஆனால் உன் நெட் இருக்கிறதே. அணியில் உன் பெயருக்குப் பக்கத்தில் சிக்னலைக் காட்டும் சின்னக் கோடு எப்போதும் சிவப்பாகவே இருக்கும். நீ சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருப்பாய். எதிரி உன்னைச் சுட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போன பிறகு, "பாவா, யாரோ வர்றான்" என்பாய். நான் உன்னைத் திட்டுவேன். எருமை என்பேன், ஆணியடித்த மரம் என்பேன், உன் பல்லைப் பற்றி, உன் கல்யாண போட்டோவைப் பற்றியெல்லாம் சொல்வேன். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பும் தாமதமாகத்தான் வரும். நான் அடுத்த வசவுக்குப் போன பிறகு, முந்தைய வசவுக்கான சிரிப்பு கேட்கும்.

இதைச் சரிசெய்வதை என் பிறவிக் கடமையாக எடுத்துக்கொண்டேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். போனில் இருந்த மற்றதையெல்லாம் மூடினேன். என் மனைவி சீரியல் பார்ப்பதைத் தடைசெய்து, மூன்று வேளையும் உப்பில்லாத குழம்பு தின்றுவிட்டு, தடையை வாபஸ் வாங்கினேன். கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் தெலுங்கு. நானும் தெலுங்கிலேயே, "லேக் வஸ்தோந்தி மேடம்" என்றேன். நெட் இழுத்துக்கொண்டு தாமதமாக வருவதற்கு விளையாடுகிறவர்கள் சொல்கிற இங்கிலீஷ் பெயர்தான் லேக். தெலுங்கில் லேக என்றால் இல்லாமல் என்று அர்த்தம். அவர் பாவம், ரொம்ப மரியாதையாக, "ஏமி லேக சார்?" என்று கேட்டார். எது இல்லாமல் சார்? நான் மறுபடியும் லேக் என்றேன். "கரென்ட் லேகா?" என்றார். இப்படியே வெகுநேரம் போயிற்று. உன்னிடம் சொன்னபோது நீ போனைக் கீழே போட்டுவிட்டாய். அதற்குப் பிறகு என்னோடு பேசுகிறபோதெல்லாம், "பாவாவுக்கு நெட்டு லேக, ரூட்டரு லேக, புத்தி லேக" என்று பாட்டே படித்தாய்.

டீவி பின்னால், சாமி அலமாரியில், பீரோ தலையில் என்று ரூட்டரை வீடெல்லாம் குடிவைத்துப் பார்த்தேன். வெளியே வயரைக் குரங்குகள் பிடித்து ஊஞ்சலாடுகின்றன என்று லைன்மேன் சொன்னார். குரங்குகளுக்கு வேர்க்கடலை போட்டு சமாதானம் பேசினேன். கடைசியில் நீதான் சொன்னாய்: "ஜன்னல் கம்பியில தொங்கவிடு பாவா. நைலான் கயிறு போடு. ரெண்டு சுத்து சுத்தி உள்ள விட்டு இழு." கட்டினேன். அடுத்த வாரம் விளையாட வந்தபோது உன் பெயருக்குப் பக்கத்தில் கோடு பச்சையாக இருந்தது.

நான் அன்று எப்படி ஆடினேன் என்று உனக்குத் தெரியும். என் வீட்டு ஜன்னலில் ரூட்டரைக் கட்டினால் குவைத்தில் இருக்கிற உன் சிக்னல் எப்படிப் பச்சையாகும் என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. நீயும் யோசிக்க விடவில்லை. "நீ இன்ஜினியரு ஆயிருக்கணும் பாவா. ஜெராக்ஸ் போட்டுக்கினு கெடக்கறே" என்றாய். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

லேக் போயிற்று, ஆனால் வேறொன்று வந்தது. நடு ஆட்டத்தில் நீ பட்டென்று அறுந்துபோக ஆரம்பித்தாய். சொல்லிக்கொள்ளாமல். பேச்சு பாதியில் நிற்கும். இந்த விளையாட்டில் நெட் போனால் ஆள் மறைவதில்லை. நின்ற இடத்திலேயே சிலையாக நிற்பான். யார் வேண்டுமானாலும் வந்து சுடலாம். அதனால் நீ திரும்பி வரும்வரை நான் உன் முன்னால் துப்பாக்கியோடு நிற்பேன். ஜெயிப்பதைவிட்டு இப்படி ஒரு பொம்மைக்குக் காவல் நிற்கிறேனே என்று எனக்கே சிரிப்பாக வரும். சிரிப்புக்குக் கீழே வேறு ஏதோ ஒன்று பிறாண்டும். அதை நான் நெட் பிரச்சினை என்றே நினைத்துக்கொண்டேன்.

வேறு எதுவும் தோன்றாத அளவுக்கு நான் மக்கு இல்லை. தோன்றியது. வெள்ளிக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்த நீ, செவ்வாய், புதன் என்று காலையிலேயே வந்து நின்றாய். "ஷிப்டு மாறிடுச்சி பாவா" என்றாய். ஒருநாள் மைக்கில் கோழி கூவியது. குவைத்தில் ஏதடா கோழி என்றேன். "பக்கத்து ரூம்ல ஒரு சேட்டன் வளக்கறாரு பாவா. முட்டைக்கி." சேவல் எப்படி முட்டை போடும் என்று கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். நம்பத் தயாராக இருக்கிறவனிடம் கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்தக் கல்யாணம். வேலூரில் கடை சப்ளையர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சித்தூரிலிருந்து காலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பொழுது போகாமல் உனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். உன் மாமியார் ஊர் வழியாகத்தான் போறேன், குடிபாலா வரப்போகுது, உன் பேரைச் சொன்னா கறிசோறு போடுவாங்களா என்று. நீ உடனே பதில் போட்டாய். அன்று லேக்கே இல்லை.

"எந்தப் பக்கம் ஒக்காந்துக்கினு இருக்கே பாவா?"

"வெயில் படாத பக்கம். நான் என்னா அப்பளமா, காயறதுக்கு?"

நீ சிரித்து அனுப்பினாய். சின்னச் சிரிப்பு. நான் போனைப் பையில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

கடைசியாக நாம் விளையாடிய அன்று, வயல் நடுவே ஒரு தகரக் கொட்டகைக்குள் நீ அறுந்து நின்றாய். நான் வாசலில் நின்றேன். நம் அணியில் இருந்த இரண்டு தெலுங்குப் பையன்கள், "வதிலேயண்டி அங்கிள்" என்றார்கள். விட்டுவிடுங்கள் என்று. நான், "வஸ்தாடு, வஸ்தாடு" என்றேன். வருவான். அவர்கள் போய்விட்டார்கள். ஆட்டம் முடிகிறவரை நீ வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கண்டபடி கத்தினேன்.

சில நாள் கழித்து உன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எருமையே என்று ஆரம்பித்துவிட்டேன். மறுமுனையில் உன் மனைவி. அவர் சொன்னதைக் கேட்டு முடித்து, எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "குவைத்துலருந்து எப்பம்மா கொண்டாறாங்க?"

நெட் போய்விட்டதோ என்று, "அலோ, அலோ" என்று கத்தினேன். பிறகு சொன்னார்: "ஆளு இங்கதாண்ணா இருந்தாரு. சங்கராந்திக்கி முன்னாடியே வந்துட்டாரு."

குடிபாலாவில் உன் மாமியார் வீடு ரோட்டை ஒட்டி இருந்தது. கட்டில் ஜன்னலோரமாகக் கிடந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதற்குத் தோதாக இங்கேயே இருந்துவிட்டீர்களாம். வயிற்றில் கட்டி. நான் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஒரு சேவல் உள்ளே வந்து, என்னைப் பார்த்து, தன் பாட்டுக்கு வெளியே போயிற்று. அந்த வீட்டில் அத்தனை பேர் அழுதுகொண்டிருக்கையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அழுகையாக மாறுவதற்குள் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன்.

உன் மனைவி பின்னாலேயே வந்தார். அவர்மேல் எனக்குக் கோபம். பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேரும் தூரத்தில் இருந்துகொண்டு ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எல்லாரும் வந்து பாத்து அழுதுட்டுப் போறாங்கண்ணா. ஒங்ககிட்டதான் திட்டு வாங்கிக்கினு சிரிச்சிக்கினு இருந்தாரு. நேர்ல பாத்தா நீங்களும் நல்ல வார்த்த பேச ஆரம்பிச்சிடுவீங்க, சொல்லவே கூடாதுன்னாரு." பிறகு, தப்புச் செய்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, "மருந்து குடுத்தா வாந்தி வரும்ணா. அந்தச் சத்தம் ஒங்களுக்குக் கேட்டுடப்போவுதுன்னு நாந்தான் போன புடுங்கி நெட்ட ஆப் பண்ணுவேன்."

கம்பெனியைத் திட்டினேன். குரங்குகளைத் திட்டினேன். நீ அறுந்துபோனதெல்லாம் இதனால்தான்.

கல்யாணத்துக்குப் போன அந்தக் காலையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். கட்டிலை ஜன்னலுக்கு இழுத்துப் போடச் சொன்னாயாம். எந்த பஸ் என்று தெரியாததால், வந்த பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாயாம். வெளியே வந்து ரோட்டில் நின்று பார்த்தேன். வேலூர் போகிற பஸ்ஸுக்கு, காலையில், உன் வீடு வெயில் பக்கம்.

நீ செய்தது சரியா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. சில நாள், என்னைப் பெரிதாக மதித்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. சில நாள், நேரில் பார்க்கத் தகுதியில்லாதவன் என்று தள்ளிவைத்துவிட்டாய் என்று தோன்றுகிறது. நல்ல வார்த்தை ஒன்றாவது சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். உன் பல்லைப் பற்றித்தான் ஆரம்பித்திருப்பேன். அதைச் சொல்லிப் பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம்.

இப்போதும் வெள்ளிக்கிழமை மதியம் விளையாடப் போகிறேன். உனக்காக வந்த பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. அணியில் முன்பின் தெரியாத எவனாவது நெட் அறுந்து நின்றால், என் கால் தானாக அவன் முன்னால் போய் நின்றுகொள்கிறது. எதிரிகள் வருகிறார்கள், நாங்கள் இருவரும் சேர்ந்தே செத்துப்போகிறோம். பையன்கள் என்னைத் திட்டுகிறார்கள். புதுப்புது வசவுகள், பாவா. சிலது ரொம்ப நன்றாக இருக்கிறது. உனக்காக நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன், பிழை ஏதாவது இருந்தால் நீ கிண்டல் செய்வாயே என்று. அப்புறம்தான் உறைத்தது. நீ ஒண்ணாங்கிளாஸிலிருந்து தெலுங்கு மீடியம். வாய் ஓயாமல் தமிழ் பேசுவாய். ஓர் எழுத்துகூடப் படிக்க வராது உனக்கு.