புளோ லாம்பில் சுட்ட ஆட்டுத்தலை

இஞ்ச பாருங்க, சின்னவளைப் போன மாதம் கட்டிய மருமகன் நேற்றுக் கொழும்பிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்தார். சின்ன கேஸ் டின், மேலே ஒரு குழாய். விசையை அமுக்கினால் நெருப்புச் சீறுகிறது. புடிங்கின் மேல் சீனியைத் தூவி அதைப் பிடித்தார். சீனி உருகிப் பொன்னிறமாகிவிட்டது. எல்லோரும் வாசம் பிடித்தார்கள். எனக்கு மட்டும் மண்ணெண்ணெய் மணத்தது. ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எழுபதுகளின் கடைசி. நீங்கள் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த முதல் ஹஜ்ஜுப் பெருநாள். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். ஆனால் மாமியார் அவர் முன்னால் வந்து கதைக்கக் கூடாது. உம்மா கதவுக்குப் பின்னால் நின்றே எல்லாம் நடத்தினார்.

"புள்ள, மருமகனுக்கு இன்னும் கறி வேணுமாமா, கேளு."

"போதும், காணுமெண்டு மாமிக்கிட்ட சொல்லு."

இருவருக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான். நான் தபால்காரி. உம்மாவுக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் தவித்தேன். "உன்ட உம்மா என்ன இன்னும் விருந்தாளி எண்டுதான் நினைக்கிறா" என்று நீங்களும் ஒருநாள் சொன்னீர்கள். எனக்கு அழுகை வந்தது.

பெருநாளுக்கு அறுத்த குர்பான் ஆட்டின் தலையையும் கால்களையும் உம்மா தென்னோலை கொளுத்தித்தான் மயிர் பொசுக்குவார். புகை அவருக்கு ஆகாது என்று சொல்லியிருந்தேன். அதற்காகவே, வேலை செய்த டிராக்டர் கராஜிலிருந்து புளோ லாம்பைத் தூக்கிவந்தீர்கள். பித்தளை வயிற்றுக்குள் மண்ணெண்ணெய், பக்கத்தில் பம்பு, மேலே நெருப்புச் சீறும் குழாய்.

முதலில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திக் குழாயைச் சூடாக்க வேண்டும், பிறகுதான் பம்பு. அது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கதவுக்குப் பின்னால் உம்மா பார்த்துக்கொண்டிருந்தார், குழாய் சூடாகுமுன்பே அவசரப்பட்டுப் பம்பை அடித்துவிட்டீர்கள். மண்ணெண்ணெய் அப்படியே பீறிட்டு ஆட்டுத்தலையை நனைத்தது. மஞ்சள் நெருப்பு ஓலைக் கிடுகு வேலி வரை நீண்டது.

"மருமகன்! அத மணலுக்குள்ள போடுங்க! கைய எடுங்க, கைய!"

உம்மா முற்றத்தில் நின்றார். வேலியில் ஒரு குடம் தண்ணீரை வீசி ஊற்றிய பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முக்காட்டை இழுத்துப் போட்டார். உள்ளே போகவில்லை.

"சுட்டுட்டா?"

"இல்ல மாமி."

வேலியின் ஒரு மூலை கருகியதோடு போயிற்று. தலையை எத்தனை தரம் புளி போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. குர்பான் இறைச்சியை வீசவும் மனமில்லை. அன்று உம்மா தன் கையாலேயே உங்களுக்குப் பரிமாறினார்.

"கறி எப்பிடி மருமகன்?"

"கராஜுக்குள்ள இருந்து தின்ற மாதிரி இருக்கு மாமி."

உம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அன்றுதான் என் நெஞ்சு லேசானது.

எண்பதுகளில் பெருநாளென்றால் அயல் வீட்டு ஆட்டுத்தலைகளெல்லாம் மயிர் பொசுக்க நம் முற்றத்துக்கு வந்தன. நீங்கள் பம்பில் கை வைக்குமுன் உம்மா குரல் கொடுப்பார்: "குழாய் சூடாகட்டும் மருமகன்." உங்கள் காது சிவக்கும். உம்மாவும் போய், நீங்களும் போய்விட்டீர்கள். அந்த லாம்பு அடுப்படி மூலையில் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

நேற்றுப் புதிய மருமகன் புடிங் கோப்பையை நீட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். "உம்மா, எப்பிடி எண்டு கேக்காரு" என்று சின்னவள் தொடங்கினாள்.

"நீ சும்மா இரி புள்ள" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "நல்லாருக்கு மருமகன். மண்ணெண்ணதான் கொஞ்சம் காணாது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.