இலையில் வைத்த மாத்திரை

உங்கள் முதல் வருட நினைவுப் படையலுக்குப் புது வேட்டி எடுக்கத்தான் பீரோவைத் திறந்தேன். அடியிலிருந்து, டாக்டர் உங்களுக்குத் தந்த மாத்திரை அட்டை விழுந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அடுப்பில் உங்களுக்காகச் சீலா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

பழைய துறைமுகத்திலிருந்து தோணியில் சரக்கேற்றிப் போய் நீங்கள் திரும்பும்போதெல்லாம் எனக்கு நீர்க்கடுப்பு வரும். தூத்துக்குடி வெயில் சூடு என்று நினைத்து, இளநீரும் பார்லித் தண்ணீருமாகக் குடித்துத் தொலைத்தேன். கடைசியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "இது சூடு இல்லம்மா, உடலுறவுல தொத்துற நோய். ரெண்டு பேரும் ஒண்ணா ஆன்டிபயாட்டிக் சாப்பிடணும். அவர் விட்டுட்டா உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும்" என்று உங்களுக்கும் ஓர் அட்டை தந்தார். அன்று உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச வேண்டியவர் நீங்கள்.

"எனக்கு என்னளா கேடு? சரி, முழுங்கிட்டேன், போதுமா?" என்றீர்கள். நம்பினேன். நான் ஒன்று விடாமல் சாப்பிட்டேன். குணமாகும், நீங்கள் பக்கத்தில் வந்ததும் மறுபடி எரிச்சல். இப்படியே கருக்குழாய் அடைத்துப்போனது.

"நடத்த சரியில்லாதவளுக்குத்தாம்ல இந்த நோயெல்லாம் வரும். வயிறும் தெறக்காது" என்று உங்கள் அக்கா என் முன்னாலேயே சொன்னபோது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டீர்கள். நானும் ஊற்றினேன்.

இன்று இலையில் சோறு, குழம்பு, உங்களுக்குப் பிடித்த முந்திரி மக்ரூன் எல்லாம் வைத்தேன். பக்கத்தில் அந்த அட்டையையும் வைத்தேன்.

"ஏளா, படையல்ல மாத்திரைய வைக்கியே, கிறுக்கு புடிச்சிட்டா?" என்றார் அக்கா.

"ஒங்க தம்பி முழுங்காத மருந்து, மயினி. அவரு எனக்குத் தந்த நோய்க்கு டாக்டர் அவருக்குக் குடுத்தது. இத முழுங்கியிருந்தாருன்னா இந்த வீட்ல ஒரு புள்ள ஓடியாடியிருக்கும்."

வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அக்கா தலை குனிந்ததைக் கண்குளிரப் பார்த்தேன். பொய் சொல்வானேன், இனித்தது. பிறகு, நீங்கள் வந்து சாப்பிடுவதற்காக வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம்.

கதவைத் திறந்ததும் சோற்றைக் காக்காவுக்கு வைத்தார்கள். அட்டையை நான் துடைத்துப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடிவயிற்றில் வலி இன்னும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. வருடா வருடம் சாப்பிட வருவீர்கள் அல்லவா? வாருங்கள். உங்கள் மாத்திரை இலையில் இருக்கும்.