துரையின் மணல் பெட்டி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் பூனையும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதிப் பார்த்தால் அதில் பாதிதான் சரி என்று பட்டது, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைத் தொடங்கியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்றும் நினைக்காதே, எழுதச் சொன்னதே அவர்தான். "எனக்கு வாய் வராது, நீயே எழுதிடு" என்றார். பதறிப்போய் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, வரிசையாகப் படி.

துரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "அம்மா, அவன் ரொம்ப சுத்தம், மணல் பெட்டியை மட்டும் தினம் அள்ளிடு, வேற தொந்தரவே கிடையாது" என்று சொல்லிவிட்டு நீ விமானம் ஏறினாய். சுத்தம்தான், தன் உடம்பை நக்கிக்கொள்வதில் மட்டும். பெட்டிக்குள் காலை வைப்பான், பின்பக்கத்தை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பான், முழுசாக உள்ளே போய்விட்டதாக அவனுக்கு நினைப்பு, எல்லாம் தரையில் ஓடும். அப்புறம் மூடுகிறேன் பேர்வழி என்று குளியலறைச் சுவரைப் பிறாண்டுவான், வாளியைப் பிறாண்டுவான், மூட வேண்டியதை மட்டும் மூடமாட்டான். காலில் ஒட்டிய மணல் கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி என் தலையணை வரைக்கும் வரும். "துரை எழுந்தாச்சா, துரைக்கு டிபன் ஆச்சா" என்று அப்பா கிண்டல் பண்ணப் போய்த்தான் நீ வைத்த பேர் மறைந்து அவனுக்குத் துரை என்றே ஆகிவிட்டது. நாற்றம் தாங்காமல் நான் வாசனை போட்ட மணலும் மூடி வைத்த பெட்டியும் வாங்கி வந்தேன், அதோடு அவன் பெட்டிப் பக்கமே போவதை விட்டுவிட்டான். கால் மிதியடி, துவைக்கப் போட்ட துணி, ஒருநாள் அப்பாவின் செருப்பு. அன்றைக்கு அப்பா போட்ட சத்தத்தில் மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து என்ன ஏது என்று விசாரித்தாள்.

மிருக டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். சின்னப் பெண்தான், பொறுமையாகக் கேட்டாள். நோய் ஏதாவது இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து இல்லை என்றாள். பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டாள், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் என்றேன். "அது சுத்தும்போது வீடே அதிருமே, அங்க உட்கார உங்களுக்கு மனசு வருமா?" என்றாள். வாசனை மணலை அவன் மூக்கு தாங்காதாம், மூடி போட்டால் தப்பிக்க வழியில்லையே என்று பயப்படுவானாம், பெட்டியும் அவன் உடம்புக்குச் சின்னதாம். வீட்டுக்கு வந்து சொன்னதும், லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கை சும்மா இருக்குமா, அப்பா துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியை எடுத்து, ஒரு பக்கத்தை அவன் ஏறுவதற்குத் தாழ்வாக அறுத்து, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வயிற்றில் கீறாதபடி வழவழப்பாக்கிக் கொடுத்தார். வாசனை இல்லாத மணலைப் போட்டுக் கூடத்து மூலையில் வைத்தோம். துரை சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை, உன் அண்ணன் பாஸானபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

இதோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தரை சுத்தமாயிற்று, ஆனால் நான் காலையில் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டு மதியம் திரும்பினால் சோபா ஈரமாக இருக்கும். சிலநாள் கட்டிலின் ஓரம். அப்பா அதற்குள் துண்டைப் போட்டு மூடி, ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார். "உன் மகளோட துரை மறுபடியும் வேலையைக் காட்டிட்டான்" என்பார். அவனைத் திட்டமாட்டார், செருப்புக்கு அந்தக் குதி குதித்தவர் சோபாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. இதற்குள் அண்ணி உண்டாகியிருக்கிற சேதிதான் உனக்குத் தெரியுமே, குழந்தை பிறந்ததும் கொஞ்சநாள் இங்கே வந்து இருப்பதாகப் பேச்சு. உன் அண்ணன் சோபாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, கைக்குழந்தையை இதுலயா படுக்க வைக்கிறது? தங்கச்சி வருத்தப்படுவான்னு பார்த்தா முடியாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவனோடு வேலை பார்ப்பவர் ஒருத்தருக்கு ஊருக்கு வெளியே சாமான் கிடங்கு இருக்கிறதாம், எலி அதிகமாம், துரையை அங்கே விட்டுவிடலாம் என்று ஏற்பாடு. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "கொஞ்சநாள் ஒரே ரூம்ல பெட்டியோட விட்டுப் பாருங்கம்மா, பழக்கம் உறுதியாயிடும்" என்றாள். மறுநாள் காலை அப்பா பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் துரையைத் தூக்கி உன் அறையில் விட்டு, பெட்டியையும் தண்ணியையும் வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். அவசரத்தில் அப்பாவிடம் சொல்லவில்லை. மதியம் வந்தேன். சோபாவில் துண்டு கிடந்தது. அப்பா என்னைப் பார்க்காமல், "இன்னைக்கும் பண்ணிட்டான்" என்றார். நான் திரும்பி உன் அறைக் கதவைப் பார்த்தேன், போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் துரை உன் கட்டிலில் சுருண்டு தூங்குகிறான், பெட்டிக்குள் எல்லாம் ஒழுங்காக மூடிக் கிடக்கிறது. அப்புறம் சத்தம் வராமல் கதவைத் திறந்தே வைத்துவிட்டு, பெட்டியைப் பழைய மூலைக்கு நகர்த்திவிட்டு, "சரிங்க, நான் பார்த்துக்கறேன், நீங்க எழுந்திரிக்காதீங்க" என்று சொல்லி சோபா உறையைக் கழற்றி எடுத்துப்போனேன்.

குழாயடியில் அந்த உறையைக் கசக்கும்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. பூங்காவுக்கு நடக்கப் போவதை நிறுத்தினாரே, முழங்கால் வலி என்றாரே. சாயங்கால டீ வேண்டாம் என்றாரே, நெஞ்சு எரிகிறது என்றாரே. கூட வேலை பார்த்தவர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிச் சட்டையும் போட்டுக்கொண்டு, வாசல் வரை வந்து திரும்பினாரே. தன் பேண்ட்டைத் தானே அலசிக் காயப்போட ஆரம்பித்தாரே, இந்த வயசிலாவது ஒத்தாசை பண்ணத் தோன்றியதே என்று கண்ணாடிக் கடையில் எல்லாரிடமும் நான் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவை உனக்குத் தெரியும். மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள் அழுகிறவர்களிடம் வெளியே நின்று "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று சொல்லியே காலத்தைக் கழித்தவர், தனக்கு ஒன்று என்றால் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் கேட்க வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினேன். அந்த மனிதர் இத்தனை நாள் துண்டைப் போட்டு மூடினதை நான் எப்படி இழுத்துப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள், கிடங்குக்காரர் மூடி போட்ட கூடையோடு வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். எனக்கு இரண்டு பக்கமும் இடி. வாயைத் திறந்தால் உன் அப்பா மானம் போகும், மூடிக்கொண்டால் அந்த வாயில்லா ஜீவன் செய்யாத தப்புக்கு வீட்டை விட்டுப் போகும். நான் மூடிக்கொள்வது என்றுதான் முடிவு பண்ணியிருந்தேன், உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், உன் பூனையைவிட எனக்கு அவர் பெரிது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவனை உன் அண்ணன் இழுத்துக் கூடைக்குள் போட்டு மூடியை அமுக்கினான். துரை கத்தின கத்தல் பூனை கத்துகிற மாதிரியே இல்லை. கிடங்குக்காரர் கூடையைத் தூக்கினார். அப்போது ஜன்னலோர நாற்காலியில் இருந்து அப்பா, "அவனை இறக்கி வைங்க" என்றார். அண்ணன், "அப்பா, நாம பேசி முடிச்சாச்சு" என்றான். "இறக்கி வைன்னேன். சோபாவில அவன் பண்ணலை. நான்தான்." அண்ணன் புரியாமல் "என்னப்பா?" என்று கேட்டான். "எனக்கு வர்றது தெரிய மாட்டேங்குதுடா. தெரியறதுக்குள்ள ஆயிடுது" என்றார், சொல்லிவிட்டு எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர்க் குழாய் திறந்து ஓடிக்கொண்டே இருந்தது.

உன் அண்ணனைக் கோபக்காரன் என்று சொல்வோமே, அவன் குளியலறைக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அப்பா, திறங்கப்பா. இங்க யாரும் இல்லை, நான் மட்டும்தான் நிக்கிறேன்" என்று சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். நாங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றோம், அந்தப் பொய்யைக் காப்பாற்ற அண்ணி என்னை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கிடங்குக்காரர் கூடையின் மூடியைத் திறந்து துரையை விட்டுவிட்டு, போகும்போது என்னிடம், "எங்க அப்பாவும் இப்படித்தாம்மா மறைச்சு வெச்சாரு. நாளைக்கே கூட்டிப் போங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார். பெரிய பாடம் எதுவும் நடத்தவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாளே போனோம். புராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை அடைத்திருக்கிறதாம். மூத்திரப்பை காலியாவதே இல்லையாம், நிரம்பி வழிவதுதான் அவரை அறியாமல் அப்படி வந்திருக்கிறது. முன்னாடியே வந்திருந்தால் மாத்திரையிலேயே அடக்கியிருக்கலாம், இப்போது சிறுநீரகம்வரை கொஞ்சம் பாதித்துவிட்டது, ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், கெட்ட கட்டி இல்லை என்று வந்துவிட்டது, அந்த வார்த்தையைக் கேட்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வயசும் சர்க்கரையும் இருப்பதால் மயக்க மருந்து கொடுப்பதில் ஜாக்கிரதை வேண்டும் என்று உன் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். தனியாகக் கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதைக்குக் குழாய் போட்டுக் காலோடு ஒரு பையைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். முதலில் அப்பா அறையை விட்டே வெளியே வரமாட்டேன் என்றார். அண்ணிதான், "மாமா, பாப்பாவுக்குத் துணி தைக்கிற கையோட உங்க பைக்கும் ஒரு உறை தைச்சுட்டேன், கலர் பிடிச்சிருக்கா பாருங்க" என்று நீலத் துணியில் ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். எனக்குத் திக்கென்றது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "அவனுக்குப் பெட்டி, எனக்குப் பை" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார். நான் கிட்டே போய்த் தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை.

இப்போது துரையின் மணலை அள்ளுவது அப்பாவின் வேலை. பூனைக் கழிவு வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, அண்ணி அந்த மணல் பக்கம் போகவே கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் பெட்டியை உன் அறை ஜன்னலோரத்துக்கே மாற்றிவிட்டோம். துரை இன்னமும் சிலநாள் விளிம்புக்கு வெளியே நீட்டத்தான் செய்கிறான், அப்பா துணியை எடுத்துப்போய்த் துடைத்துவிட்டு, "பரவாயில்லடா, போ" என்கிறார். அவனைக் கூடையில் போட்டதற்காக உன் அண்ணன் நீ திட்டுவாயோ என்று பயந்துகொண்டிருக்கிறான், அவனைத் திட்டாதே. நீ போனில் பேசும்போது அப்பாவிடம் அழாதே, பாவம் என்கிற குரலை எடுக்காதே, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவே கேட்காதே. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். உனக்கு என்ன எழுதட்டும் என்று அவரிடம் கேட்டேன், "துரை மேல தப்பு இல்லைன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். நீயும் உடம்பில் ஏதாவது என்றால் மூடி வைக்காமல் யாரிடமாவது சொல், அங்கே யாரும் இல்லை என்றால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்.

நீ நோய்நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு, நல்ல மனிதர்கள் சூழ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்னோடு. ஆபரேஷன் அடுத்த மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை. "அவளை வரச் சொல்லி எழுதாதே, லீவு கிடைக்காது, வீணா அலைச்சல்" என்று அப்பா கண்டித்துச் சொல்லியிருக்கிறார். நான் எழுதவில்லை. தேதியைத்தான் எழுதியிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா