மறு எண்ணிக்கை வேண்டாம்

தார்ன்ஷா,
சனிக்கிழமை, 10 மே 1986.

அன்புள்ள க்ளைவ்,

நானும் நடாலியும் நன்றாக இருக்கிறோம். அந்தச் சவூதி ஜுபைல் வெயிலில் வெல்டிங் முகமூடிக்குள் உன் தலை எப்படி இருக்கிறது என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மூன்று பக்கமும் சாப்பாட்டைப் பற்றித்தான். உயிரோடு இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தோற்றுவிட்டேன். பதினொரு ஓட்டில். நேற்று பிற்பகல் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து அப்படித் தூங்கினேன். மூன்று வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. தேர்தலில் தோற்று நிம்மதியாகத் தூங்கியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விஷயத்தைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து நீயும் கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். இப்போது முடிந்துவிட்டது, கேள்.

நான் நின்ற கதை உனக்குத் தெரியும். நம் கட்சி ஏஜென்ட் வில்ஃப் ஹெப்டன் ஏப்ரல் தொடக்கத்தில் வேட்புமனுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கண்ணு, பீச்வுட் வார்டுக்கு ஒரு பேரு வேணும். ஒப்புக்குத்தான். ஓட்டுச்சீட்டுல நம்ம கட்சி இல்லன்னு இருக்கக் கூடாது பாரு. அங்க நாம ஜெயிச்சா நான் மீசைய எடுத்துடறேன்" என்றார். பெரிய வீடுகளும் செர்ரி மரங்களும் இருக்கிற வார்டு. அங்கே நம் கட்சிக்காரன் பால் போடத்தான் போவான். வில்ஃப் ஒரே ஒரு கேள்வி கேட்டார், நான் யாரிடம் வேலை பார்க்கிறேன் என்று. நகராட்சியில் சம்பளம் வாங்குகிறவர்கள் நகராட்சிக்கு நிற்கக் கூடாது, அது சட்டம். சாலை டிப்போ கேன்டீன், மாவட்டக் கவுன்சில் என்றேன். அப்ப சரி என்றார். கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாவட்டக் கவுன்சிலை ஏப்ரல் முதல் தேதியே லண்டன்காரர்கள் இழுத்து மூடிவிட்டார்கள். மூடப்போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஒரு வருடமாகப் பேப்பரில் அதுதான் பேச்சு. ஆனால் மூடினால் எங்கள் டிப்போ யாருக்குப் போகிறது என்று எங்களிடம் ஒரு நாய்கூட வந்து சொல்லவில்லை. அதே அடுப்பு, அதே தேநீர்க் கொப்பரை, முன்பக்கம் மாவட்டச் சின்னம் தைத்த அதே ஏப்ரன். ஆளையும் சட்டியையும் சேர்த்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிட்டார்கள், சட்டிக்கும் தெரியாது, ஆளுக்கும் தெரியாது. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் கடந்த பிறகு ஒரு காலையில், லாரிக் கதவுகளில் நகராட்சிச் சின்னம் வரையப் பெயின்டர் வந்தான். தார் லாரி ஓட்டும் நெவில் உனக்கு ஞாபகமிருக்குமே, அவன் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னான்: "லொரெய்ன், இனிமே நீயும் நகராட்சி ஆளு. நகராட்சிக்கே நிக்கிற. ஜெயிச்சா உன் சம்பளத்த நீயே ஏத்திக்குவ, எங்களுக்கும் ரெண்டு பவுண்டு பாத்துப் போடு தாயி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் சட்டியிலிருந்த பன்றி இறைச்சி கருகிவிட்டது.

தெருமுனைத் தொலைபேசியிலிருந்து வில்ஃபைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. பிறகு, "கண்ணு, யார்கிட்டயும் வாயத் தொறக்காத" என்றார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பயனில்லையாம். கையெழுத்துப் போட்ட நாளில் நான் யாருடைய ஆள் என்பதுதான் கணக்காம். ஜெயித்தால் எதிர்க்கட்சிக்காரன் மறுநாளே வழக்குப் போடுவான், ஜெயித்தது செல்லாது, தகுதி இருக்கிறது என்று பொய் எழுதிக் கொடுத்ததாகக் கோர்ட்டில் நிற்கவேண்டும். கோர்ட்டில் நின்ற கேன்டீன்காரியை நகராட்சி வைத்துக்கொள்ளுமா? மில் போய்விட்டது, சுரங்கம் போய்விட்டது, ஆகஸ்டில் உன் ஒப்பந்தமும் முடிகிறது. இந்த வீட்டில் நிச்சயமான சம்பளம் என்னுடையது ஒன்றுதான். "அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றேன். "தோத்துடு. தோத்தவளப் பத்தி எவனும் விசாரிக்க மாட்டான். பீச்வுட்ல தோக்கிறது ஒரு வேலையா?" என்றார்.

அந்த வாரமே அது வேலையாகிவிட்டது. பீச்வுட்டின் பழைய கவுன்சிலர் ராலின்சன், கல்குவாரிக்காரர், மறுபடியும் நிற்கிறவர். பூங்காவை ஒட்டி அந்த வார்டுக்காரர்கள் மரப்பந்து உருட்டி விளையாடும் புல்வெளி இருக்கிறதே, அதை விற்று அடுக்குமாடி கட்ட அவர் ஏற்பாடு செய்வது வெளியே தெரிந்துவிட்டது. பீச்வுட் கொதித்துப்போனது. சுரங்கம் மூடியபோது கொதிக்காத ஊர். நம் மூர்சைடு குடியிருப்பில் நடாலியின் படுக்கைக்கு மேலே சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்துக் கிடப்பதைப் பேப்பர்காரன் போட்டோ எடுத்துப் போட்டபோது, நாங்கள் ஜன்னலைத் திறந்துவைப்பதில்லை என்று கடிதம் எழுதிய ஊர். புல்லுக்கு ஆபத்து என்றதும் தெருவுக்கு வந்துவிட்டது.

நின்றது நாங்கள் இரண்டே பேர். அவர் வேண்டாமென்றால் நான்தான்.

பல் டாக்டரின் விதவை மிஸஸ் ஓக்டன், அந்தப் பந்து கிளப்பின் செயலாளர், டிப்போவுக்கே கார் ஓட்டி வந்துவிட்டாள். கையுறையைக் கழற்றாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க ஆயுசுல உங்க கட்சிக்குப் போட்டதில்லைங்க. இந்தத் தடவ கிளப்பு மொத்தமும் உங்களுக்குத்தான். கவலையே படாதீங்க" என்றாள். எனக்கு அனுபவம் போதாது, கவுன்சிலெல்லாம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "அடக்கம் பாருங்க" என்று கூட வந்தவரிடம் சொன்னாள். பின்னால் நெவிலும் மற்றவர்களும் எழுந்து நின்று, "கவுன்சிலரம்மா, டீ வருமா வராதா?" என்று தட்டில் தாளம் போட்டார்கள். அன்று இரவு எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

வாக்கெடுப்புக்கு முந்தின வாரம் தேவாலயக் கூடத்தில் இரண்டு வேட்பாளர்களையும் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். தோற்க எனக்கு இருந்த ஒரே வாய்ப்பு அதுதான். வில்ஃபிடமும் சொல்லாமல் முடிவெடுத்துக்கொண்டு போனேன். என் முறை வந்ததும் எழுந்து, "அந்தப் புல்வெளிய நானும் விட்டுவைக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தேன். "ராலின்சன் அங்க மாடி வீடு கட்டி விக்கப் பாக்கறாரு. நான் நகராட்சி வாடகை வீடு கட்டச் சொல்லுவேன். எங்க பக்கத்துல பிள்ளைங்க விடிய விடிய இருமுது. நீங்க புல்லுக்குச் சளி பிடிச்சிடும்னு கூட்டம் போடறீங்க. புல்லுக்கு ஒரு தோட்டக்காரன் இருக்கான், மருந்து இருக்கு, வேலி இருக்கு. எங்க பிள்ளைங்களுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க."

தோற்பதற்காகத்தான் பேசினேன், க்ளைவ். ஆனால் பாதியில் எது தோற்பதற்காக, எது நிஜம் என்று எனக்கே பிடிபடவில்லை. நாற்காலிகள் கரகரவென்று பின்னால் போயின. மிஸஸ் ஓக்டன் கைப்பையைப் பட்டென்று மூடிக்கொண்டு எழுந்து போனாள். கூடம் பாதி காலி. கடைசியில், தேநீர் ஊற்றிக் கொண்டிருந்த மேசைக்குப் பின்னாலிருந்து ஒருத்தி மட்டும் கைதட்டினாள். காரில் ஏறியதும் வில்ஃப், "பிரமாதம் கண்ணு, ஒழிஞ்சோம்" என்று என் முதுகில் தட்டினார். மூன்று வாரத்தில் அன்று ஒருநாள்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

கைதட்டியவள் பெயர் மேவிஸ் டோர்டாஃப். பீச்வுட் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரிந்திருக்காது: அந்தப் பெரிய வீடுகளில் பாதியை உள்ளுக்குள் அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நிலவறைகளில் குடும்பங்கள் இருக்கின்றன. செர்ரி மரத்தின் வேர்தான் அவர்களுக்கு ஜன்னல். ஓட்டுச்சாவடிப் பக்கமே போகாதவர்கள். வியாழக்கிழமை மாலை, ஷிப்ட் முடிந்து, நீலச் சீருடையோடு அவர்கள் வரிசையாக வந்தார்கள். வாசலில் ஓட்டுப் போட்டவர்களின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்த வில்ஃபுக்கு முகம் செத்துப்போனது. "நீங்கல்லாம் யாரு?" என்று கேட்டேவிட்டார். "இந்த வார்டுதான் சார்" என்றாள் மேவிஸ். "நீங்கதான் எங்க வீட்டு மணிய அடிச்சதில்ல."

வெள்ளிக்கிழமை காலை விளையாட்டுக் கூடத்தில் எண்ணினார்கள். மற்ற வார்டுகளெல்லாம் சீக்கிரம் முடிந்தன, நம் கட்சிதான் மறுபடியும் நகராட்சியைப் பிடித்தது. பீச்வுட் மேசையில் இரண்டு கட்டுகளும் ஒரே உயரத்துக்கு ஏறிக்கொண்டே வந்தன. நான் ஒவ்வொரு சீட்டையும் பார்த்து, ராலின்சன், ராலின்சன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவருக்காக அவருடைய மனைவிகூட அப்படி வேண்டியிருக்க மாட்டாள். தேர்தல் அதிகாரி எங்களைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டினார். அறிவிப்பதற்கு முன் வேட்பாளர்களுக்குக் காட்டுவது வழக்கம். பதினொரு ஓட்டில் ராலின்சன்.

வில்ஃபுக்கு முப்பது வருடப் பழக்கம். வித்தியாசம் குறைவென்றால் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "மறு எண்..." என்று ஆரம்பித்தார். அவர் காலை என் குதிகாலால் மிதித்தேன். மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். மறு எண்ணிக்கை கேட்கிறீர்களா என்றார். மேலே, பார்வையாளர் பக்கத்திலிருந்து மேவிஸும் அவளோடு வந்த பெண்களும், "திரும்ப எண்ணச் சொல்லு லொரெய்ன், விடாத" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். நான் மேலே பார்க்கவில்லை. வேண்டாம் என்றேன்.

ராலின்சன் என் கையைக் குலுக்கி, "பெருந்தன்மையான பொண்ணும்மா நீ" என்றார். நம் டிப்போவில் கொட்டுகிற ஜல்லி முழுக்க அவர் குவாரியிலிருந்து வருவது. அவர் கவுன்சிலராக இருக்கலாம். ஜல்லியைப் பற்றிப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தால் போதும், அது சட்டம். அந்த ஜல்லியைக் கொட்டுகிறவர்களுக்கு முட்டை பொரிக்கிறேன் நான். முட்டையைப் பற்றிப் பேசும்போது நானும் வெளியே போய் நின்றால் ஆகாதா? ஆகாதாம். நான் வாசலையே மிதிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவன் சொந்தமாக ஒரு குவாரி வைத்திருந்திருப்பான்.

ஆனாலும் அந்த நிமிடம் எனக்குக் கோபமில்லை. நிம்மதிதான் இருந்தது. திங்கட்கிழமை அடுப்பைப் பற்றவைக்கலாம், நடாலிக்குச் செருப்பு வாங்கலாம், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வேறெதுவும் தலைக்குள் ஏறவில்லை.

வெளியே படிக்கட்டில் மேவிஸ் வழிமறித்தாள். "ஏன்டி வேண்டாம்னு சொன்ன? பயந்தாங்கொள்ளி" என்றாள். மற்றவர்களுக்கு எப்படியோ, அவளிடம் மறைக்க எனக்கு வாய் வரவில்லை. ஓரமாகக் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, "அப்ப அன்னிக்கிக் கூடத்துல பேசினது தோக்கிறதுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். பிறகு, "சரி விடு. அடுத்த மே மாசம் ஜெயிக்கிறதுக்குப் பேசு, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பீச்வுட்டில் மூன்று இடங்கள், வருடத்துக்கு ஒன்றாகத் தேர்தல். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

நடாலிக்கு ஒரு பல் விழுந்தது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மழை விட்டபாடில்லை, சுவரை நான் வாரம் ஒருமுறை பிளீச் போட்டுத் துடைக்கிறேன்.

இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, என்ன முடிவு செய்தாய் என்று எழுதவில்லை. நீ போடவேண்டாம், க்ளைவ். லீட்ஸ் ரோட்டில் கொதிகலன் பட்டறையில் வெல்டர் கேட்பதாக நெவில் சொன்னான். சம்பளம் அங்கே கிடைப்பதில் பாதிகூட இல்லை, தெரியும். ஆனாலும் ஆகஸ்டில் வந்து அதில் உட்கார். உன் சம்பளத்திலேயே வீடு ஓடிவிட்டால், மார்ச் மாதம் முடிவதற்குள் நான் கேன்டீனை விட்டு நின்றுகொள்ளலாம் என்று பார்க்கிறேன். ஏப்ரல் பிறக்கும்போது எந்தக் கவுன்சிலுக்கும் நான் சமைக்கிறவளாக இருக்க வேண்டாம். ஏனென்று இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. நீ வந்து என் எதிரே உட்கார்ந்து கேள், சொல்கிறேன்.

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய். உடம்பு பத்திரம். வந்துவிடு.

உன்
லொரெய்ன்