நீலத் தேவியின் வயிறு

இன்று காலை வெள்ளைத் துணிகளுக்கு நீலம் போட வாளிக்குள் கையை விட்டேன். தண்ணீர் நிறம் மாறியதும், தோழி, உன் விரல்கள் கண்ணுக்குள் வந்தன. நகக்கண்ணெல்லாம் நீலம். அது போரின் பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்தில் சாயம் வாங்க வழியில்லை. துணிக்குப் போடும் நீலத்தையும் செம்மண்ணையும் அடுப்புக் கரியையும் குழைத்து, பழைய வேட்டித் துணியில் படம் கீறினாய்.

கொக்குவிலில் கணக்குப் படிப்பித்த உனக்கு, இந்தியாவில் படித்த காலத்தில் அருங்காட்சியகம் ஒன்றில் கண்ட கல் தேவி மனதை விட்டுப் போகவேயில்லை. முழங்கால்களை அகல விரித்துக் குந்தியிருப்பாளாம். மறைப்பும் இல்லை, வெட்கமும் இல்லை.

"பிள்ளை வேணுமெண்டு வந்த பொம்பிளையள் எண்ணெய் பூசிக் கும்பிட்ட சாமியடி அது," என்றாய்.

மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு என் வயிறு கோடு கோடாக உழுத வயல்போலக் கிடந்தது. கணவர் கண்ணிலும் படாமல் மறைத்துத் திரிந்தேன். கிணற்றடியில் நீ கண்டுவிட்டாய்.

"எடியேய், உதுதான் எனக்கு வேணும், அந்தத் தேவியைக் கீற!"

மூன்று மத்தியானங்கள் உன் அறையில் கதவைப் பூட்டிவிட்டு, நீ கீற, அந்தத் தேவியைப்போலக் குந்தியிருந்தேன். முதல் நாள் அழுதேன். மூன்றாம் நாள் நீ சொன்ன ஊத்தைப் பகிடிக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் தேவிக்குக் கொடுத்தாய். என் முகத்தைக் கொடுக்கவில்லை.

வாசிகசாலையில் பெண்கள் சேர்ந்து வைத்த ஓவியக் கண்காட்சியில் அவளைத் தொங்கவிட்டாய். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்றுவிட்டு வந்த மனுசியொருத்தி, ஓலைக் கடகத்தை இறக்கி வைத்து, படத்துக்கு முன்னால் அதே மாதிரிக் குந்தினாள்.

"ஆறு பெத்தனான், பிள்ளை. என்ரையும் உப்பிடித்தான். உது வடிவெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

பின்னேரம் வாசிகசாலைத் தலைவர் வந்தார்.

"ரீச்சர், உதைக் கழட்டுங்கோ. குடும்பப் பெண்டுகள் வாற இடம். ஆர் உதுக்கு உடுப்பில்லாமல் நிண்டது?"

உனக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான். என்ரை உடம்பைத்தான் கண்ணாடியிலை பாத்துக் கீறினனான்."

படம் இறங்கியது. பள்ளிக்கூடத்துக்கு மொட்டைக் கடிதம் போனது. உன்னை வட்டுக்கோட்டைக்கு மாற்றினார்கள். பேசி முடித்திருந்த கலியாணமும் நின்றது. அழுதுகொண்டு ஓடி வந்தேன். "உனக்கு மூண்டு பிள்ளையள். எனக்கென்ன?" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தாய். குடித்தேன். ஊருக்கு மட்டும் உண்மையைச் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதியே ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. படம் வீட்டோடு போயிற்று. நாங்கள் தங்கிய பாடசாலையில், மூன்றாம் வாரம், காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. ஐந்து பெண்கள் சேர்ந்து உன்னைக் குளிப்பாட்டினோம். எங்கள் ஊர்க்காரி ஒருத்தி முணுமுணுத்தாள்.

"தன்னைத் தானே அம்மணமாக் கீறினவள், பாவம்."

உன் வயிற்றில் ஒரு கோடுகூட இல்லை.

"அது அவளில்லை," என்றேன். "நான். என்ரை வயிறு." சேலையை விலக்கிக் காட்டினேன்.

அவள் என் வயிற்றையும் உன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் சேலையைச் சரிசெய்துவிட்டு, தண்ணீர்க் குடத்தை என் கையில் தந்தாள்.

"அப்ப நீ ஊத்து."

நான்தான் ஊற்றினேன். நீ உயிரோடு இருக்கையில் சொல்லியிருக்க வேண்டிய சொல், உன் காதுக்கு எட்டாமலே போய்விட்டது. அந்தப் பாரம் குறையவில்லை. இப்போது அந்தப் படத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்: அது நான்.